ஆர்த்தடாக்ஸ் ஆலய இசைக்குப் பட்டப்படிப்பு எதற்கு? புதியவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

பைசாந்திய ஆலய இசை என்று இணையத்தில் தேடினால் மணிக்கணக்கில் ஓடும் காணொளிகள் வந்து விழும். மெழுகுவத்தி வெளிச்சம், தங்கப் பின்னணியில் புனிதர் படங்கள், தாடி வைத்த துறவிகள். கீழே வரும் கருத்துகளில் இரண்டு விஷயங்களை அடிக்கடி பார்க்கலாம். ஒன்று, இது ஆயிரம் ஆண்டாகத் துளிகூட மாறாத இசை என்பது. இன்னொன்று, இது படித்து வருவதில்லை, பக்தியில் தானாக வருவது என்பது. சொல்பவர்கள் மரியாதையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டுமே சரியில்லை. இந்த இசை பலமுறை மாறியிருக்கிறது. 1814இல் அதை எழுதும் முறையையே திருத்தி அமைத்தார்கள். பக்தி வேண்டும்தான், கூடவே பல ஆண்டுப் பயிற்சியும் வேண்டும். கிரேக்கம், ருமேனியா, ரஷ்யா, பின்லாந்து ஆகிய நாடுகளில் ஆர்த்தடாக்ஸ் ஆலய இசை உயர்கல்விப் பாடமாகவே இருக்கிறது.

அப்படியென்றால் அங்கே என்ன கற்றுத்தருகிறார்கள்? பாட்டுப் பாட ஒரு பட்டம் தேவையா? கிரேக்க மரபை நடுவில் வைத்து, இசை தெரியாதவர்களுக்கும் புரியும்படி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், எந்த ஆர்த்தடாக்ஸ்?

ஆர்த்தடாக்ஸ் என்றதும் நம் ஊர்ப்பக்கத்தில் பலருக்கு நினைவு வருவது கேரளத்தின் மலங்கரை சபை. அது வேறு குடும்பம். கி.பி. 451இல் நடந்த கால்சிதோன் பொதுச்சங்கத்தை ஒட்டிக் கிழக்கத்திய சபைகள் இரண்டாகப் பிரிந்தன. சிரியா, எகிப்து, எத்தியோப்பியா, ஆர்மேனியா, கேரளம் ஒரு பக்கம். கிரேக்கம், ரஷ்யா, ருமேனியா, செர்பியா, பல்கேரியா முதலியவை மறுபக்கம். கேரளச் சபையிலும் சிரியாக் மரபிலிருந்து வந்த எட்டுப் பண் முறை உண்டு. 1815இல் தொடங்கிய கோட்டயம் இறையியல் கல்லூரியில் வழிபாட்டு இசைக்கென்றே 'ஸ்ருதி' என்ற பள்ளி இயங்குகிறது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம். இந்தக் கட்டுரை இரண்டாவது குடும்பத்தைப் பற்றியது.

இந்தக் குடும்பத்தின் பொது வழக்கம், ஆலயத்தில் வாத்தியம் கிடையாது, மனிதக் குரல் மட்டும்தான். அமெரிக்காவில் சில கிரேக்க ஆலயங்களில் ஆர்கன் வாசிப்பது போன்ற விதிவிலக்குகள் உண்டு. 'பைசாந்திய' என்ற சொல் இங்கே குறிப்பது, கான்ஸ்டான்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) தலைநகராகக் கொண்டு 1453 வரை நீடித்த பேரரசில் வளர்ந்து, இன்றும் கிரேக்க மொழி ஆலயங்களில் பாடப்படும் மரபை. 2019இல் கிரேக்கமும் சைப்ரஸும் சேர்ந்து கேட்டதன் பேரில் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆலயப் பாடகரின் வேலை என்ன?

குழப்பம் தொடங்கும் இடம் இது. ஆலயப் பாடகர் என்றால் பத்து இருபது பாட்டுகளை மனப்பாடம் செய்து, கேட்டபோது பாடுபவர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவர் ஒவ்வொரு நாளும் அந்த நாளுக்கான வழிபாட்டைத் துண்டு துண்டாக எடுத்துக் கோக்கிறார்.

எந்த நாளை எடுத்தாலும் பல சுழற்சிகள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எட்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் பண்களின் சுழற்சி ஒன்று. அதற்கு ஒரு புத்தகம். ஆண்டின் தேதிகளுக்கு ஏற்ப வரும் புனிதர் திருநாள்கள் இன்னொன்று. அதற்கு மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு புத்தகங்கள். ஈஸ்டரை ஒட்டி நகரும் காலம் மூன்றாவது. தவக்காலத்துக்கு ஒரு புத்தகம், ஈஸ்டருக்குப் பிந்தைய வாரங்களுக்கு ஒரு புத்தகம். இவை ஒன்றோடொன்று மோதினால் எதை எடுப்பது, எதை விடுவது என்று சொல்லும் விதிநூலுக்குத் திபிகோன் என்று பெயர். ஒரு புனிதரின் நாள் ஞாயிற்றுக்கிழமையில், அதுவும் தவக்காலத்தில் வந்துவிட்டால், எந்தப் புத்தகத்திலிருந்து எத்தனை பாடல்கள், எந்த வரிசையில், எந்தப் பண்ணில் என்பதைப் பாடகர் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு நிற்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. புத்தகங்களில் உள்ள பாடல்கள் பலவற்றுக்கும் இசைக்குறி எழுதியிருக்காது. தலைப்பில் ஒரு பழைய பாடலின் முதல் சொற்கள் மட்டும் இருக்கும். இந்தப் பாடலை அந்தப் பாடலின் மெட்டில் பாடு என்று பொருள். நம் பழைய கீர்த்தனைப் புத்தகங்களில் 'என்ற வர்ணமெட்டு' என்று போட்டிருப்பார்களே, அதே ஏற்பாடு. மாதிரிப் பாடலின் அசைக் கணக்கும் அழுத்தமும் புதிய பாடலோடு பொருந்தும்படிதான் புலவர்கள் எழுதியிருக்கிறார்கள். பாடகரின் தலைக்குள் மாதிரி மெட்டு தயாராக இருந்தால் மட்டுமே இது நடக்கும்.

ஆக, இது பாட்டு மட்டும் சம்பந்தப்பட்ட வேலை இல்லை. காலண்டர், விதிநூல், கவிதையின் அசை, பண், குரல் எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு மாலை வழிபாடு ஒழுங்காக முடியும். பட்டப்படிப்பில் வழிபாட்டு முறை ஒரு தனிப் பாடமாக இருப்பதன் காரணம் இதுதான்.

எட்டுப் பண்கள்: எட்டு ஸ்கேல் என்று எண்ண வேண்டாம்

கிரேக்கத்தில் ஈகோஸ் என்று சொல்வதை இங்கே பண் என்று எழுதுகிறேன். மொத்தம் எட்டு. நான்கு முதன்மைப் பண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைப் பண். ஞாயிறு வழிபாடு ஒரு பண்ணில் தொடங்கினால் அந்த வாரம் பொதுவாக அந்தப் பண்ணுக்கு உரியது. அடுத்த வாரம் அடுத்த பண். எட்டு வாரம் முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. ஈஸ்டருக்குப் பிறகு சுழற்சி புதிதாகத் தொடங்குகிறது. இந்த ஏற்பாட்டை 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தமஸ்குவின் யோவானோடு சேர்த்துச் சொல்வது மரபு. ஒருவரே எல்லாவற்றையும் செய்திருக்க முடியாது. ஆனால் அவர் இந்த மரபின் பெரிய கவிஞர்களில் ஒருவர் என்பதில் ஐயமில்லை.

பண் என்றால் ஏழு சுரங்களின் வரிசை என்று எடுத்துக்கொள்வதுதான் பரவலான தவறு. ராகத்தை ஆரோகணம், அவரோகணம் என்று சுருக்கிவிட முடியாது என்பது கர்நாடக இசை கேட்பவர்களுக்குத் தெரியும். இங்கும் அப்படித்தான். ஒரு பண்ணை அந்தப் பண்ணாக ஆக்குபவை பல. சுரங்களுக்கு இடையிலான தூரம், அடிப்படைச் சுரம், மெட்டு அடிக்கடி போய்த் தங்கும் சுரங்கள், வாக்கியம் முடியும்போது இறங்கும் விதம், அப்புறம் அந்தப் பண்ணுக்கே உரிய மெட்டுத் துண்டுகள். இந்தத் துண்டுகளுக்குத் தீசிஸ் என்று பெயர். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பெரிய சர்ச்சை ஒன்றில் வரும்.

பண்ணும் ஸ்கேலும் ஒன்றில்லை என்பதற்குத் தெளிவான சான்று நான்காம் பண். அசைக்கு ஒரு சுரமாக விரைவாகப் பாடும் பாடல்களில் அதன் அடிப்படை ஒரு சுரத்தில் நிற்கும். அதே பண்ணில் ஓர் அசையை நீட்டி நீட்டிப் பாடும் பாடல்களில் அடிப்படை வேறொரு சுரத்துக்குப் போய்விடும். பெயர் ஒன்றுதான், உடல் வேறு. பாடலின் வேகமும் வகையும் தெரியாமல் "நான்காம் பண்" என்று மட்டும் சொன்னால் அது பாதித் தகவல்தான்.

நீட்டிப் பாடும் வகையில் ஓர் அழகு உண்டு. சில பாடல்களில் சொல் நின்றுவிடும், 'தெ ரி ரெம்' போன்ற பொருளற்ற அசைகளில் இசை மட்டும் நெடுநேரம் ஓடும். 14ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் இவை ஏராளம். தில்லானா கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகவே படாது.

பியானோவில் அகப்படாத சுரங்கள்

சுரங்களின் பெயர்கள் பா, வூ, கா, தி, கே, ஸோ, நி. இந்தப் 'பா' நம் பஞ்சமம் இல்லை. இந்தக் 'கா' நம் காந்தாரமும் இல்லை. ஒலி ஒற்றுமையில் ஏமாந்துவிட வேண்டாம். ஒவ்வொரு பெயருக்குள்ளும் கிரேக்க நெடுங்கணக்கின் முதல் ஏழு எழுத்துகள் வரிசையாக இருக்கின்றன, நினைவில் வைக்க வசதியாக அமைத்த பெயர்கள். மேற்கத்திய 'டோ' இருக்கும் இடத்தில் இங்கே 'நி' இருக்கும்.

சரி, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு எவ்வளவு தூரம்? 1881இல் கான்ஸ்டான்டிநோபிள் மறைமுதல்வர், அதாவது அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைவர், அமைத்த குழு, ஒரு சுரத்துக்கும் அதன் மேல்ஸ்தாயிச் சுரத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை 72 பங்குகளாகப் பிரித்தது. ஒரு பங்குக்கு மோரியோன் என்று பெயர். பியானோவில், கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து, அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே சரியாக 6 பங்கு. ஆனால் பைசாந்தியத்தின் அடிப்படை வரிசையில் படிகள் 12, 10, 8 என்று வரும். நியிலிருந்து பாவுக்கு 12, பாவிலிருந்து வூவுக்கு 10, வூவிலிருந்து காவுக்கு 8.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நியிலிருந்து வூவுக்கு 22 பங்கு. பியானோவில் அதற்கு இணையான டோ–மி தூரம் 24 பங்கு. பியானோவில் பழகிய மாணவர் வூவைப் பாடினால் இரண்டு பங்கு மேலே போய் நிற்பார். கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். 2 பங்கு சின்ன வித்தியாசம்போலத் தோன்றலாம், ஆனால் இந்த இசையின் நிறமே அதில்தான் இருக்கிறது. சுரப்பயிற்சிக்குச் சாதாரண பியானோ உதவாமல் போவதற்கு இதுதான் காரணம். அந்த 1881 குழுவே இந்த இடைவெளிகளை ஒலிக்கக்கூடிய ஆர்கன் ஒன்றைச் செய்யச் சொன்னது. ஆலயத்தில் வாசிப்பதற்காக அல்ல, காதுக்குச் சான்று வேண்டும் என்பதற்காக.

எல்லாப் பண்களும் இதே இடைவெளிகளில் போவதில்லை. இரண்டாம் துணைப் பண்ணில் பாவிலிருந்து படிகள் 6, 20, 4. நடுவில் பெரிய தாவல். மாயாமாளவகௌளையின் ச–ரி–க–ம பகுதி கிட்டத்தட்ட இந்த வடிவம்தான். புனித வாரத்தின் துயரப் பாடல்களில் இந்தப் பண்ணைக் கேட்கும்போது நம் காது சட்டென்று நிமிர்ந்து உட்கார்வது அதனால்தான்.

சுருக்கமாகப் பார்த்தால், பாடகருக்கு எட்டுப் பண்கள், ஒவ்வொன்றிலும் பாடும் வேகத்துக்கு ஏற்பப் பல வடிவங்கள், பியானோவில் இல்லாத இடைவெளிகள், இவை எல்லாம் காதில் ஏறியிருக்க வேண்டும். இனி, இதை எப்படி எழுதி வைத்தார்கள் என்று பார்ப்போம்.

குறிகள் எப்படி வேலை செய்கின்றன?

ஊருக்குப் புதியவருக்கு வீட்டை அடையாளம் காட்ட இரண்டு வழிகள் உண்டு. கதவு எண்ணும் தெருப் பெயரும் கொடுக்கலாம். அல்லது, "இங்கிருந்து நேராகப் போங்க, முதல் திருப்பத்தில் வலது பக்கம், அப்புறம் இரண்டு வீடு தள்ளி" என்று வழி சொல்லலாம். மேற்கத்திய ஐந்து கோட்டு இசையெழுத்து முதல் வகை. ஒவ்வொரு புள்ளியும் தனக்கென்று ஒரு முகவரியோடு இருக்கும். பைசாந்தியக் குறிகள் இரண்டாம் வகை. ஒரு குறி, "முந்திய சுரத்திலிருந்து ஒன்று மேலே ஏறு" என்று சொல்லும். இன்னொரு குறி ஒன்று கீழே இறங்கச் சொல்லும். வேறொன்று அங்கேயே நிற்கச் சொல்லும். எந்தக் குறிக்கும் தனியாக ஒரு சுரம் கிடையாது.

வழி சொல்லும் முறையில் ஓர் ஆபத்து, ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் அதன் பிறகு எல்லாமே தவறிவிடும். அதற்காகத்தான் வழியில் "பிள்ளையார் கோயில் வரும்" என்று சொல்லி வைப்போம். பைசாந்திய எழுத்திலும் வாக்கிய முடிவுகளில் அப்படி ஓர் அடையாளம் வரும். நீ இப்போது இந்தச் சுரத்தில் இருக்க வேண்டும் என்று அது உறுதிப்படுத்தும். அதற்கு மார்த்திரியா, அதாவது சாட்சிக்குறி என்று பெயர்.

ஒரே படி ஏறுவதற்கு ஏன் ஒன்றுக்கு மேற்பட்ட குறிகள்? ஒன்று சாதாரணமாக ஏறுவதற்கு. இன்னொன்று ஏறும்போது குரலைச் சிறிது அசைத்து உயர்த்துவதற்கு. குறி, தூரத்தோடு சேர்த்துப் பாடும் விதத்தையும் சொல்கிறது. இந்த நுட்பத்தில்தான் பழைய எழுத்து மிகக் கடினமாகிப் போனது. அதைக் கற்பிக்க 14ஆம் நூற்றாண்டு ஆசிரியர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கிரேக்கத்தில் மடங்கள் நிறைந்த ஆதோஸ் மலையின் துறவி யோவான் குகுசேலிஸ் இயற்றிய ஒரு பயிற்சிப் பாடலின் வரிகள் வேறெதுவும் இல்லை, இசைக்குறிகளின் பெயர்களேதான். ஒவ்வொரு பெயரும் அந்தக் குறி எப்படி ஒலிக்குமோ அதே மெட்டில் வரும். பாடி முடித்தால் பாடமும் முடிந்தது. பாடநூலும் பயிற்சியும் ஒன்றாக இருப்பது இதுதான்.

இருந்தாலும் பழைய எழுத்தைக் கற்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 1814இல் கான்ஸ்டான்டிநோபிளில் கிறிசாந்தோஸ், கிரிகோரியோஸ், ஹுர்மூஸியோஸ் என்ற மூன்று ஆசிரியர்கள் சீர்திருத்தம் ஒன்றை முன்வைத்தார்கள். குறிகளைக் குறைத்தார்கள். தாளக் கணக்கைத் தெளிவாக எழுதும் வழி செய்தார்கள். மேலே சொன்ன பா–வூ–கா பெயர்களும் அப்போது வந்தவைதான். அடுத்த ஆண்டே மறைமுதல்வர் ஆதரவில் பள்ளி திறந்தது. 1820இல் இந்தப் புதிய எழுத்தில் முதல் அச்சுப் புத்தகம் புக்கரெஸ்டில் வெளிவந்தது. துறவி மக்காரியே 1823இல் வியன்னாவில் ருமேனிய மொழிப் புத்தகங்களை அச்சிட்டார். ஒரே தலைமுறைக்குள், குருவோடு பல்லாண்டு இருந்தால் மட்டும் கிடைத்த கலை, அச்சிட்ட புத்தகத்தை வைத்து வகுப்பில் நடத்தக்கூடிய பாடமாகிவிட்டது. இன்றைய கல்லூரிப் பாடத்திட்டத்துக்கு அடித்தளம் அந்தச் சீர்திருத்தம்தான்.

எழுத்தில் வராத பாதி

குறிகளைச் சரியாகப் படித்தால் இசை வந்துவிடுமா? இல்லை. இங்கேதான் உயர்கல்வியின் உண்மையான சிரமம் தொடங்குகிறது.

வலுவான ஒரு சுரம் அருகிலுள்ள சுரத்தைத் தன் பக்கம் இழுக்கும். மெட்டு இறங்கும்போது ஸோ சற்றுத் தாழும், ஏறும்போது உயரும். இதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஒரு குறியை எந்த அசைவோடு பாடுவது என்பதும் ஆசிரியரின் வாயைப் பார்த்துத்தான் வரும். அதேபோல, பாடகருக்கு அடியில் ஒருவரோ பலரோ ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அதற்கு இசோன் என்று பெயர். தம்புராபோல என்று சொல்லத் தோன்றும், ஆனால் தம்புரா கச்சேரி முழுக்க அசையாது. இசோன் நகரும். பண்ணின் மையம் மாறும்போது பிடிசுரமும் மாற வேண்டும். எப்போது மாற்றுவது என்பது பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லவே இல்லை. மாணவர்கள் பாடுவதற்கு முன்னால் பல காலம் இசோன் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சும்மா நிற்பதாகத் தெரியும், ஆனால் பண்ணின் எலும்புக்கூடு முழுவதும் அப்படி நிற்கும்போதுதான் காதில் ஏறுகிறது.

எழுத்துக்கும் வாய்க்கும் இடையிலான இந்த இடைவெளி 20ஆம் நூற்றாண்டில் பெரிய கல்விச் சர்ச்சையாக வெடித்தது. 1931இல் கோபன்ஹேகனில் கார்ஸ்டன் ஹோக், டில்யார்ட், எகான் வெல்லஸ் ஆகிய அறிஞர்கள் இடைக்காலக் கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்களின் முறை நேரடியானது. ஒரு குறி என்றால் ஒரு சுரம். அப்படிப் படித்தால் சிறிய, எளிய மெட்டுகள் கிடைக்கும். கிரேக்கப் பாடகர்கள் இதை ஏற்கவில்லை. பழைய குறிகள் சுருக்கெழுத்து என்பது அவர்கள் வாதம். சில குறிகளின் கூட்டம் நீண்ட ஒரு தீசிஸை நினைவூட்டும், பாடகர் அதை நினைவிலிருந்து விரித்துப் பாடுவார் என்றார்கள். இந்த வாதத்தை 1917இலேயே தன் நூலில் விரிவாக வைத்தவர் கான்ஸ்டன்டினோஸ் ப்சாகோஸ். ஒரே ஓலையை இரண்டு பேர் படித்து, ஒருவருக்கு ஒரு வரியும் இன்னொருவருக்கு ஒரு பக்கமும் கிடைத்த கதை இது.

யார் சரி? என் பார்வையில், காலத்தைப் பார்க்காமல் ஒற்றைப் பதில் சொல்வது தவறு. பின்னாளைய கையெழுத்துப் பிரதிகளைப் பொறுத்தவரை 1814 சீர்திருத்தம் செய்தவர்களே பழைய பாடல்களை விரித்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அந்தப் பழைய எழுத்தில் பயின்றவர்கள், எனவே அவர்கள் சாட்சியம் கனமானது. அவர்களுக்குப் பல நூற்றாண்டு முந்திய பிரதிகளுக்கும் அதே விரிவு பொருந்தும் என்பதற்கு அந்தச் சாட்சியம் போதாது. இப்படிப்பட்ட கேள்வியைப் பாடகர் மட்டும் தனியாகத் தீர்க்க முடியாது. பாடத் தெரியாத ஆராய்ச்சியாளராலும் முடியாது. இரண்டும் ஒரே மனிதரிடம் சேர வேண்டும். பல்கலைக்கழகம் தேவைப்படுவது இதற்காகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கல்லூரிக்குள் வந்த கதை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏதென்ஸ் ஆலயங்கள் பலவற்றில் மேற்கத்திய நான்கு குரல் பாடற்குழுக்கள் புகுந்தன. படித்த நகர மக்களுக்கு அது நாகரிகமாகப்பட்டது. பழைய மரபு அழிந்துவிடும் என்ற பயம் வந்தபோது, 1871இல் நிறுவப்பட்ட ஏதென்ஸ் இசைக்கல்லூரி 1904இல் பைசாந்திய இசைப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அதை நடத்தக் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து அனுப்பப்பட்டவர்தான் மேலே சொன்ன ப்சாகோஸ். ஆலயத்துக்குள் குருவிடம் கற்ற கலை, தேர்வும் சான்றிதழும் உள்ள படிப்பானது அப்போதுதான்.

இன்று கிரேக்கத்தில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று இசைக்கல்லூரி. அங்கே அரசு அங்கீகரித்த பட்டயம் கிடைக்கும், பாடுவதற்குத்தான் முதலிடம். மற்றொன்று பல்கலைக்கழகம். ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தின் இசையியல் துறையிலும் தெசலோனிக்கியின் அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகத்திலும் கையெழுத்துப் பிரதி ஆய்வுக்கும் வரலாற்றுக்கும் முக்கியத்துவம் அதிகம். அதே தெசலோனிக்கியில் உள்ள மாசிடோனியா பல்கலைக்கழகத்தில் பைசாந்திய இசையைப் பாடும் கலையாகவே சிறப்புப் பாடம் எடுக்கலாம். ஒரு மாணவர் முதலில் பா–வூ–கா பெயர்களோடு குறிகளைப் பாடிப் பழகுவார், கையால் தாளம் தட்டிக்கொண்டே. அப்புறம் அதே மெட்டைச் சொற்களோடு பாடுவார். பிறகு பண்களின் கோட்பாடு, விதிநூல், பழைய எழுத்தைப் படிப்பது. இதற்கு இணையாக ஞாயிறுதோறும் ஏதாவது ஓர் ஆலயத்தில் மூத்த பாடகர் பக்கத்தில் நிற்பார். எழுத்தில் வராத பாதியை வகுப்பறை தருவதில்லை, அதைத் தர முடியும் என்று நல்ல ஆசிரியர்கள் சொல்வதும் இல்லை.

வகுப்பறைகளுக்குள் சண்டையும் உண்டு. சைமன் காரஸ் என்ற ஆய்வாளர், 1814 சீர்திருத்தத்தில் கைவிடப்பட்ட பழைய குறிகள் சிலவற்றைப் பாடும் விதத்தைக் காட்டுவதற்காகத் திரும்பக் கொண்டுவந்தார். அவர் மாணவர் லிகூர்கோஸ் ஆஞ்சலோபூலோஸ் 1977இல் தொடங்கிய கிரேக்கப் பைசாந்தியப் பாடற்குழு அந்த வழியை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. ஆலய மரபில் வந்த பாடகர்கள் பலர் இதை ஒப்பவில்லை. வாய்வழி வந்ததை எழுத்தில் பூட்ட வேண்டாம், ஒருவர் கருத்தை மரபென்று கற்பிக்க வேண்டாம் என்றார்கள். மாணவர் எந்த ஆசிரியரிடம் சேர்கிறார் என்பதைப் பொறுத்து அவர் கையில் இருக்கும் புத்தகமே மாறிவிடும்.

ரஷ்யாவிலும் பின்லாந்திலும் வேறு பாடம்

ரஷ்ய ஆலயத்துக்குள் நுழைந்தால் கேட்பது நான்கு குரல்கள் இணைந்த பாடற்குழு. அங்கும் எட்டுப் பண்கள் உண்டு, ஆனால் கல்வியின் மையம் தனிப்பாடகர் இல்லை, ரெகெண்ட் எனப்படும் குழு நடத்துநர். பழைய ஒற்றைக்குரல் மரபு ஒன்று ரஷ்யாவில் இருந்தது. கொக்கி வடிவக் குறிகளில் எழுதப்பட்ட அதற்கு ஸ்னாமெனி என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் கீவிலிருந்து பலகுரல் இசை வந்த பிறகு அது ஒதுங்கிப்போனது. பழைய வழிபாட்டை விடாத பழைய நம்பிக்கையாளர்கள் மட்டும் அதைக் காப்பாற்றினார்கள்.

அதை மீட்டதில் உயர்கல்விக்குப் பெரும் பங்கு உண்டு. மாஸ்கோ இசைக்கல்லூரி 1866இல் தொடங்கியபோதே பாதிரியார் திமித்ரி ரஸுமோவ்ஸ்கி ஆலயப்பாடல் வரலாற்றை அங்கே கற்பித்தார். 1889இல், ரஷ்யச் சபையின் தலைமைக்குழுவான சினோதின் பாடற்பள்ளிப் பொறுப்பை ஏற்ற ஸ்டெபான் ஸ்மோலென்ஸ்கி மாணவர்களைப் பழைய கொக்கிக் குறிகளைப் படிக்க வைத்தார். அந்தச் சூழலில் வளர்ந்த ஆர்வத்தின் உச்சம் இசையமைப்பாளர் ரக்மானினோவ் 1915இல் இயற்றிய இரவு வழிபாட்டு இசை. அதை ஸ்மோலென்ஸ்கியின் நினைவுக்கே அர்ப்பணித்தார். புரட்சிக்குப் பிறகு 1918இல் அந்தப் பள்ளி மக்கள் பாடற்கழகமாக மாற்றப்பட்டு, 1923இல் இசைக்கல்லூரிக்குள் கரைந்தது. சோவியத் காலம் முடிந்தபின் இந்தக் கல்வியைத் திரும்பக் கட்டிய இடங்களில் ஒன்று, 1992இல் தொடங்கிய புனித தீகோன் பல்கலைக்கழகம். அறுந்த வாய்வழி மரபைப் புத்தகத்திலிருந்து மட்டும் மீட்பது எவ்வளவு கடினம் என்பதை அங்கே பார்க்கலாம்.

பின்லாந்தில் ஆர்த்தடாக்ஸ் மக்கள் நூற்றில் ஒருவர்தான். ஆனாலும் ஜோயென்சு நகரில், இன்று கிழக்குப் பின்லாந்துப் பல்கலைக்கழகம் எனப்படும் அரசுக் கல்வி நிறுவனத்திலேயே, ஆர்த்தடாக்ஸ் இறையியலோடு ஆலய இசையும் கற்பிக்கப்படுகிறது. படித்து வெளியே வருபவர் பங்கு ஆலயத்தில் கான்டராக, அதாவது ஆலய இசைப் பொறுப்பாளராக, சம்பளத்தோடு வேலை செய்யலாம். கிரேக்கத்தில் ஞாயிறு ஊழியத்தோடு வேறு வேலையும் பார்க்கும் பாடகர்கள் நிறைய. இங்கே அது முழுநேரத் தொழில். படிப்பு எந்த வேலைக்கு ஆள் தயாரிக்கிறது என்பதைப் பொறுத்துப் பாடத்திட்டமும் மாறுகிறது. ரஷ்யச் செல்வாக்கில் வந்த பலகுரல் பாடல், குழு நடத்துதல், வழிபாட்டியல் எல்லாம் அங்கே சேர்ந்தே வருகின்றன.

கேட்கத் தொடங்க விரும்பினால்

ஈஸ்டர் பாடலான 'கிறிஸ்தோஸ் அனெஸ்தி'யிலிருந்து தொடங்கலாம். சின்னது, திரும்பத் திரும்ப வரும், முதல் துணைப் பண்ணில் அமைந்தது. கிரேக்க ஆலயத்தில் பாடிய பதிவாகப் பார்த்து எடுங்கள். முதல் முறை மெட்டை விட்டுவிட்டு அடியில் ஒலிக்கும் இசோனை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை அதை நீங்களே முனகுங்கள். பிறகு, 9ஆம் நூற்றாண்டுத் துறவி கசியாவின் பாடலுக்குப் போகலாம். புனித வாரத்தின் செவ்வாய் மாலையில், நான்காம் துணைப் பண்ணில் பாடும் நீண்ட பாடல் அது. அதில் மெட்டு எங்கே தங்குகிறது, இசோன் எங்கே நகர்கிறது என்று கவனியுங்கள். காது ஓரளவு பழகிய பிறகு, கான்ஸ்டான்டிநோபிளின் முதன்மைப் பாடகர் இயாகோவோஸ் நாஃப்ளியோடிஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசைத்தட்டுகளில் பாடியவற்றைத் தேடிக் கேளுங்கள். இரைச்சல் அதிகம், ஆனால் இன்றைய குழுப் பதிவு ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துக் கேட்டால், எழுத்தில் வராத பாதி என்று எதைச் சொன்னேன் என்பது விளங்கும்.